ஓடிபி கேட்காத வைஃபை: சிதம்பரம் வீதிகளுக்கு ஒரு கேட்வே

நாட்டில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ரயில் நிலையங்களில் ரெயில்டெல் நிறுவனத்தின் வைஃபை இருக்கிறது. ‘ரெயில்வயர்’ என்ற பெயரைத் தொட்டால் ஒரு பக்கம் திறந்து மொபைல் எண்ணைக் கேட்கும். எண்ணைக் கொடுத்ததும் ஓடிபி வரும். அதைத் தட்டினால் தினமும் 30 நிமிடம் இலவசம், அதற்கு மேல் பத்து ரூபாயிலிருந்து கட்டணம் என்று 2021 மார்ச்சில் திட்டம் வகுத்தார்கள். விமான நிலையம், வணிக வளாகம், காபிக்கடை என்று எங்கே போனாலும் பொது வைஃபைக்குள் நுழையும் வழி ஏறக்குறைய இதுதான். இந்த வழியில் அடிப்படையான கோளாறு ஒன்று இருக்கிறது. ஓடிபி எஸ்எம்எஸ்ஸாக வருகிறது. எஸ்எம்எஸ் வருவதற்கு மொபைல் டவர் வேண்டும். டவர் நன்றாக வேலை செய்யும் இடத்தில் வைஃபையை யாரும் அவ்வளவாகத் தேடுவதில்லை. டவர் திணறும் இடத்தில்தான் தேடுவார்கள். அங்கே ஓடிபி வந்து சேராது.

கடலூர் மாவட்டத்தில் டவர் திணறும் நாட்கள் இரண்டு வகை. முதல் வகை பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்கும் முந்தைய நாள் சிதம்பரத்தில் தேரோட்டம். மூலவரான நடராஜரே சிவகாமசுந்தரியோடு வெளியே எழுந்தருள்வார். விநாயகர், முருகன், சண்டிகேஸ்வரர் தேர்களையும் சேர்த்து ஐந்து தேர்கள் கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி என்று நான்கு வீதிகளையும் சுற்றி வரும். அன்றைக்கு அங்கே கூடும் கூட்டத்தின் கையில் உள்ள போன்கள் அத்தனையும் அக்கம்பக்கத்து டவர்கள் சிலவற்றையே பிடித்துக்கொள்ளப் பார்க்கும். தேர் அசையும் காட்சியை வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்புகிறவர், கூட்டத்தில் பிரிந்துபோன பாட்டியைத் தேடுகிறவர், யுபிஐயில் பூவுக்குப் பணம் கொடுக்கப் பார்க்கிறவர் எல்லாருக்கும் சிக்னல் கோடுகள் முழுதாகத் தெரியும். ஆனால் எதுவும் நகராது.

இரண்டாவது வகை வடகிழக்குப் பருவமழையோடு வருவது. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசையாக விழுந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. மின்சாரம் போன டவர், பேட்டரியும் டீசலும் தீரும் வரைதான் தாக்குப்பிடிக்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்த பிறகு, சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீரோடு தென்பெண்ணை பெருகிக் கடலூரின் தாழ்வான பகுதிகளுக்குள் புகுந்தது. தொடர்பு அறுந்த வீடுகளுக்கு அந்த வாரத்தில் மிகவும் தேவைப்பட்டது ஒரு போன் அழைப்பு.

இந்த நாட்களுக்கு ஓடிபியை நம்பியிராத நுழைவு முறை வேண்டும். போனில் இருக்கும் சிம் கார்டே, இவர் யார் என்று வைஃபைக்குச் சொல்லிவிடுகிற முறை. அப்படி நுழைந்தவரை வைஃபையிலிருந்து அவருடைய மொபைல் நிறுவனத்தின் ‘கோர்’ எனப்படும் மைய நெட்வொர்க்கோடு இணைப்பதற்கென்று ஒரு கேட்வே. இரண்டுக்குமான தரநிலைகளை மொபைல் உலகத்தின் விதிகளை வகுக்கும் 3ஜிபிபி கூட்டமைப்பு பத்தாண்டுக்கும் முன்பே எழுதி முடித்துவிட்டது. நம் ஊரில் விற்கும் ஸ்மார்ட்போன்களில் பெரும்பாலானவற்றுக்கு சிம்மைக் கொண்டு வைஃபைக்குள் நுழையத் தெரியும். கடையில் வாங்க முடியாத புதிய பொருள் எதுவும் இதில் தேவைப்படாது. சிதம்பரத்தின் நான்கு வீதிகளிலும் கடலூரின் பேருந்து நிலையத்திலும் இது ஏன் இல்லை என்ற கேள்வியை இன்னும் யாரும் உரக்கக் கேட்கவில்லை. கேட்டாக வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

ஓடிபி பழக்கம் எப்படி வந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுகள் வெடித்தபோது, பொறுப்பேற்று வந்த மின்னஞ்சல் நவி மும்பையில் கடவுச்சொல் இல்லாமல் திறந்துகிடந்த ஒருவரின் வைஃபை வழியாக அனுப்பப்பட்டிருந்தது. அதன் பிறகு 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை ஓர் உத்தரவு போட்டது. பொது வைஃபையைப் பயன்படுத்துகிற ஒவ்வொருவரும் யார் என்று தெரிந்திருக்க வேண்டும், அதற்கான பதிவு இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். கோரிக்கை நியாயமானது. அதை நிறைவேற்ற எளிதாகக் கைக்குக் கிடைத்தது மொபைல் எண்ணும் எஸ்எம்எஸ்ஸும்தான். சிம் வாங்கும்போதே அடையாளச் சான்று கொடுத்திருப்பதால், எண் தெரிந்தால் ஆள் தெரிந்ததாகக் கணக்கு. ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் சிம்மை நேரடியாகக் கேட்டிருந்தால் இன்னும் உறுதியான விடை கிடைத்திருக்கும்.

அது எப்படி என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். கீழ வீதியில் ஒரு கம்பத்தில் இப்படிப்பட்ட வைஃபை பெட்டி மாட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். கீழே நிற்பவரின் போன் சட்டைப்பையில் இருக்கிறது. எந்தெந்த மொபைல் நிறுவனத்தின் வாடிக்கையாளர்களை ஏற்கும் என்ற விவரத்தை அந்தப் பெட்டியிடம் போன் தானாகவே கேட்டுக்கொள்ளும். வைஃபை கூட்டமைப்பு 2012-இல் ‘பாஸ்பாயிண்ட்’ என்ற பெயரில் சான்றளிக்கத் தொடங்கிய வசதி இது. தன் நிறுவனம் அந்தப் பட்டியலில் இருந்தால், உரிமையாளரின் விரல் படாமலே போன் உள்ளே நுழைய முயலும்.

பெட்டி முதலில் பெயரைக் கேட்கும். போன் கொடுக்கும் பெயரில் இரண்டு பாதி. முன்பாதியில் 6 என்ற இலக்கம், அதை ஒட்டி சிம்முக்குள் இருக்கும் ஐஎம்எஸ்ஐ என்ற எண். பின்பாதியில் நாட்டின் குறியீடும் நிறுவனத்தின் குறியீடும். இந்திய சிம்கள் 404 அல்லது 405 என்று தொடங்குவதைப் பார்க்கலாம். பெட்டிக்கு முன்பாதி தேவையில்லை. பின்பாதியை வைத்துக்கொண்டு, இது இன்ன நிறுவனத்து ஆள் என்று ஃபைபர் வழியாக அந்த நிறுவனத்தில் அடையாளத்தைச் சரிபார்க்கும் ‘டிரிபிள் ஏ’ சர்வருக்குச் செய்தியைத் தள்ளிவிடும். அந்த சர்வர் எச்எஸ்எஸ் எனப்படும் வாடிக்கையாளர் பதிவகத்தைக் கேட்கும்.

ஒவ்வொரு சிம்முக்குள்ளும் 128 பிட் நீளத்தில் ஒரு ரகசியச் சாவி பொதிந்திருக்கிறது. அதன் நகல் நிறுவனத்தின் பதிவகத்தில் மட்டும் இருக்கும். இரண்டும் தத்தம் இடத்தைவிட்டு வெளியே வருவதே இல்லை. பதிவகம் ஏதோ ஓர் எண்ணை உருவாக்கி, சாவியோடு சேர்த்துக் கணக்கிட்டு விடையை வைத்துக்கொள்ளும். எண்ணை மட்டும் போனுக்கு அனுப்பும். தானே உண்மையான நிறுவனம் என்பதற்கான முத்திரை ஒன்றும் கூடவே போகும். சிம் முதலில் முத்திரையைச் சோதிக்கும். போலி என்று தெரிந்தால் பேச்சை அங்கேயே முறித்துக்கொள்ளும். சரியாக இருந்தால் அதே கணக்கைத் தானும் போட்டு விடையைத் திருப்பி அனுப்பும். இரண்டு விடையும் ஒத்துப்போனால் கதவு திறக்கிறது. பெட்டிக்கும் போனுக்கும் இடையே காற்றில் போகும் தரவைப் பூட்டுவதற்கான சாவியும் இதே கணக்கிலிருந்து பிறந்துவிடுகிறது. இவ்வளவும் சட்டைப்பைக்குள்ளேயே நடந்து முடிகிறது.

இந்தப் பேச்சுவார்த்தை முழுவதிலும் டவருக்கு எந்த வேலையும் இல்லை. போனிலிருந்து வைஃபை பெட்டி, பெட்டியிலிருந்து ஃபைபர், ஃபைபரிலிருந்து நிறுவனத்தின் சர்வர். வீதியில் உள்ள டவர்கள் எல்லாம் மூச்சுமுட்டிக் கிடந்தாலும், பேட்டரி தீர்ந்து அணைந்தே போயிருந்தாலும், சிம் தன்னை நிரூபித்துவிடும். ஓடிபியால் முடியாதது இது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஓடிபி பக்கம் நம்மைச் சோதிக்கிறது. அந்தப் பக்கம் உண்மையானதா என்று சோதிக்க நமக்கு வழியில்லை. ‘இலவச வைஃபை’ என்று பெயர் வைத்து யார் வேண்டுமானாலும் போலிப் பக்கம் காட்டலாம். சிம் முறையில் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று சோதித்துக்கொள்கின்றன. 2009-இல் வெளிவந்த இதன் திருத்திய வடிவத்தை ‘ஏகேஏ பிரைம்’ என்கிறார்கள். அதில் பிறக்கும் சாவி, எந்த வகை நெட்வொர்க்கில் நுழைவதற்காக என்ற பெயரோடு பிணைக்கப்பட்டிருக்கும். ஓரிடத்தில் பெற்ற சாவியைத் திருடி வேறு வகை நெட்வொர்க்கில் போட்டுத் திறக்க முடியாது.

படிக்கத் தெரியாதவர், சின்ன எழுத்து தெரியாத முதியவர், பத்து இலக்க இந்திய எண் இல்லாத இலங்கை, மலேசியத் தமிழ் பக்தர் ஆகியோருக்கு ஓடிபி பக்கம் ஒரு சுவர். நிறுவனங்களுக்கிடையே ரோமிங் ஒப்பந்தம் இருந்தால், கொழும்பில் வாங்கிய சிம்மும் கீழ வீதிப் பெட்டியில் இதே முறையில் நுழைய முடியும். கேள்வி இன்னும் ஓர் எட்டு தள்ளி, அந்த ஊர் சர்வர் வரை போய்த் திரும்பும், அவ்வளவுதான். ஐரோப்பாவில் தொடங்கி இந்தியாவில் எர்நெட் வழியாக நடக்கும் ‘எடுரோம்’ இந்த வகைக் கேள்வி கடத்தலைக் கல்வி வளாகங்களுக்கிடையே பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. அங்கே சிம்முக்குப் பதில் பல்கலைக்கழகக் கணக்கு.

அடையாளம் நிரூபணமான பிறகு தரவு எந்த வழியாகப் போகிறது என்பது அடுத்த கேள்வி. சிம்மைக் காட்டி உள்ளே நுழைந்துவிட்டு, நேராக இணையத்துக்குப் போய்விடலாம். தரநிலையிலேயே அதற்கு இடமிருக்கிறது. ஓடிபியை ஒழிக்க அதுவே போதும். ஆனால் அந்த வழியில் போன தரவு மொபைல் நிறுவனத்தின் கண்ணில் படாது. யார் எந்த முகவரியில் இருந்தார் என்ற சட்டப்படியான பதிவை வைஃபைக்காரர் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். வைஃபையை விட்டு 4ஜிக்கு மாறும்போது முகவரி மாறி, ஓடிக்கொண்டிருந்த வேலை அறுந்துபோகும். இவற்றையெல்லாம் தீர்ப்பதற்கென்று வந்தது கேட்வே.

மொபைல் இணையத்தின் மையத்தில் பி-கேட்வே என்று ஒன்று இருக்கிறது. 4ஜியில் நம் போனுக்கு ஐபி முகவரி கொடுப்பது, இணையத்துக்கு வெளியே விடுவது, எவ்வளவு பயன்படுத்தினோம் என்று எண்ணுவது எல்லாம் அதன் பொறுப்பு. டவர் மாறினாலும் பி-கேட்வே மாறாது. அதனால்தான் சிதம்பரத்தில் பஸ் ஏறிக் கடலூரில் இறங்கும் வரை வாட்ஸ்அப் அழைப்பு அறுபடாமல் வருகிறது. வைஃபையில் வந்த ஆளையும் இந்த பி-கேட்வேயிடம் கொண்டுபோய் விட்டால், அதைப் பொறுத்தவரை வைஃபையும் இன்னொரு டவர் மாதிரிதான். கொண்டுபோய் விடுகிற பெட்டிக்கு ‘டிரஸ்டட் டபிள்யூலேன் ஆக்சஸ் கேட்வே’ என்று பெயர். பொறியாளர்கள் ட்வேக் என்கிறார்கள்.

அது செய்யும் வேலை இது. சிம் சோதனை முடிந்த செய்தி வந்ததும், ட்வேக் பி-கேட்வேக்கு ஒரு கோரிக்கை அனுப்புகிறது: இன்ன ஐஎம்எஸ்ஐ, இன்ன சேவை, வந்திருக்கும் வழி வைஃபை, நிற்கும் இடம் இன்ன பெட்டி. பி-கேட்வே ஒரு முகவரியை ஒதுக்கி, இருவருக்கும் இடையே தரவு ஓடும் குழாயின் தன் பக்கத்து எண்ணோடு பதில் சொல்கிறது. அந்த முகவரியை ட்வேக் போனுக்கு வழங்குகிறது. அதன் பிறகு போனிலிருந்து வரும் ஒவ்வொரு தரவுப் பொதியையும் ட்வேக் அப்படியே எடுத்து, இன்னோர் உறைக்குள் போட்டு, மேலே குழாய் எண்ணை எழுதி அனுப்பும். பதிவுத் தபாலை உறையோடு பெரிய உறையில் வைத்து வேறொரு தபால் நிலையத்துக்கு அனுப்புவது போல. மேலுறையின் பெயர் ஜிடிபி; அதன் எடை 36 பைட். டவர்களுக்கும் கோருக்கும் இடையே காலங்காலமாக ஓடும் அதே உறை. இதனால்தான் கோரில் பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் வைஃபையை உள்ளே சேர்க்க முடிகிறது.

ட்வேக்குக்கு இன்னொரு கண்டிப்பும் உண்டு. ஒரே வைஃபை பெட்டியின் கீழே நிற்கும் இரண்டு போன்கள் தங்களுக்குள் நேரடியாகப் பேசிக்கொள்ளக் கூடாது. எல்லாப் பொதியும் ட்வேக் வரை போய்த்தான் திரும்ப வேண்டும். கூட்டத்தில் ஒருவர் பக்கத்தில் நிற்பவரின் போனைத் துழாவ முடியாமல் தடுப்பது இதுதான். சாதாரணப் பொது வைஃபையில் பல இடங்களில் இந்தத் தடுப்பைப் போடாமலே விட்டுவிடுகிறார்கள்.

எந்த வைஃபையை இப்படி நேரடியாகச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்பதை வைஃபையின் வகையோ விலையோ தீர்மானிப்பதில்லை. வாடிக்கையாளரின் மொபைல் நிறுவனம் தீர்மானிக்கிறது. ஒரே பெட்டியை ஒரு நிறுவனம் நம்பலாம், இன்னொன்று நம்பாமல் விடலாம். சிம் சோதனை நடக்கும்போதே, நீ நிற்கும் இடம் நமக்கு நம்பகமானது என்ற குறிப்பை சர்வர் போனுக்குச் சொல்லிவிடும். அந்தக் குறிப்பு வரவில்லை, முன்பே பதிந்து வைத்திருக்கவும் இல்லை என்றால் போன் அதை நம்பாது.

நம்பாத வழிக்கும் ஒரு கேட்வே உண்டு: இபிடிஜி. அந்த வழியில் போன் தானே ஒரு பூட்டிய சுரங்கத்தை இணையத்தின் குறுக்கே கட்டிக்கொண்டு இபிடிஜி வரை போகும். நடுவில் இருக்கும் வைஃபைக்காரருக்கு உள்ளே என்ன போகிறது என்று தெரியாது. நம் வீடுகளில் இன்று நடப்பது இந்த வழிதான். வைஃபை அழைப்பு எனப்படும் வோவைஃபையை ஏர்டெல் 2019 டிசம்பரில் தில்லிப் பகுதியில் தொடங்கியது; ஜியோ 2020 ஜனவரியில் நாடு முழுவதற்கும் கொண்டுவந்தது. கான்கிரீட் தளம் போட்ட வீட்டின் உள்ளறையில் டவர் கிடைக்காத குறையை அது பெருமளவு தீர்த்துவிட்டது. போன் பேசும்போது திரையின் மேலே வைஃபை அழைப்புக்கான அடையாளம் தெரிந்தால், அந்தக் குரல் இபிடிஜி வழியாகப் போகிறது என்று அர்த்தம்.

இந்த வழிக்கு ஒரு விலை உண்டு. பேச்சு நொடிக்கு 50 சிறு பொதிகளாகப் போகிறது. ஒவ்வொன்றும் மிகச் சிறியது. சுரங்கத்தின் பூட்டும் முகவரியும் சேரும்போது, கூடுதல் சுமை பொதியின் எடையை எட்டிவிடும். பூட்டுவதும் திறப்பதும் போனின் பேட்டரியில்தான். அதோடு பல கல்வி வளாகங்களிலும் அலுவலகங்களிலும் ஃபயர்வால் இந்தச் சுரங்கத்துக்குத் தேவையான 500, 4500 எண் போர்ட்டுகளை அடைத்து வைத்திருக்கும். இணையம் வேகமாக வரும், வைஃபை அழைப்பு மட்டும் வராது. விடுதி அறையில் இருக்கும் மாணவர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. அவர்கள் போனைக் குறை சொல்வார்கள். உண்மையில் சுரங்கத்தின் வாய் அடைபட்டிருக்கும்.

இருப்பிடமும் ஒரு பெரிய வேறுபாடு. இபிடிஜி வழியில் வருகிறவர் எங்கே நிற்கிறார் என்பது கோருக்குத் தானாகத் தெரியாது. போன் சொல்வதை நம்ப வேண்டும். ட்வேக் வழியில், எந்தப் பெட்டியின் கீழே நிற்கிறார் என்பதை நெட்வொர்க்கே சொல்கிறது. தேரோட்டக் கூட்டத்தில் மயங்கி விழுந்தவருக்காக யாரோ 112-ஐ இந்த வழியில் அழைக்க முடிந்தால், தெற்கு வீதியின் இன்ன மூலை என்ற விவரம் உடனே கிடைப்பது சிறிய விஷயம் அல்ல.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் வரவில்லை. 3ஜிபிபியின் ஆறாம் வெளியீட்டிலேயே வைஃபையை 3ஜியோடு இணைக்கும் வரைவு இருந்தது. போனில் தனி மென்பொருள் வேண்டியிருந்ததால் அது பரவவில்லை. 4ஜி கோரை வரையறுத்த எட்டாம் வெளியீடு, 2008-ஐ ஒட்டி, நம்பும் வழி, நம்பாத வழி என்று இரண்டையும் வகுத்தது. பதினோராம் வெளியீட்டில், 2012-ஐ ஒட்டி, நம்பும் வழிக்கு ஜிடிபி உறையைக் கொண்டுவந்தார்கள். போனில் எதையும் மாற்ற வேண்டாம் என்பது அதன் பலம். ஒரு சேவைக்கு மேல் கிடையாது, 4ஜிக்கு மாறினால் முகவரி நிலைக்காது என்பது பலவீனம். பன்னிரண்டாம் வெளியீடு இரண்டையும் தீர்த்தது. அதற்குப் போனின் ஒத்துழைப்பு வேண்டும், போன் தயாரிப்பாளர்கள் அதில் அக்கறை காட்டவில்லை. ஆகவே இன்று ஒருவர் நான்கு வீதிகளில் இதை அமைத்தால், பதினோராம் வெளியீட்டின் எளிய வடிவத்தைத்தான் நம்பியிருக்க வேண்டும். இணையம், வாட்ஸ்அப், யுபிஐ அதில் நடக்கும். சாதாரண அழைப்பு அதற்கு மேலே இபிடிஜி வழியாகப் போகும். 5ஜியில் பதினாறாம் வெளியீடு டிஎன்ஜிஎஃப் என்ற புதிய கேட்வேயைக் கொடுத்திருக்கிறது. அது வீதிக்கு வர இன்னும் காலம் பிடிக்கும்.

இவ்வளவு வசதி இருந்தும் இந்தியாவில் இது ஏன் பரவவில்லை? விலை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு டேட்டா விலை அதலபாதாளத்துக்குப் போனது. ரயில் நிலையங்களில் ரெயில்டெல்லோடு சேர்ந்து 2016-இல் வைஃபை தொடங்கிய கூகுள், 2020 பிப்ரவரியில் அந்தத் திட்டத்தை மூடுவதாக அறிவித்தபோது, ஐந்து ஆண்டுகளில் இந்தியாவில் டேட்டா விலை 95 சதவீதம் குறைந்ததைக் காரணமாகச் சொன்னது. தினமும் ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி கையில் இருப்பவர் வைஃபையைத் தேடி அலைய மாட்டார். நிறுவனங்களும் வைஃபை பெட்டி மாட்டுவதைவிட டவர் போடவே விரும்பின. சராசரி நாளை வைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கு சரி. சிதம்பரத்துக்குச் சராசரி நாள் கணக்கு போதாது. சாதாரண நாளில் ஒரு சிறு நகரத்துக்குப் போதுமான டவர்களை வைத்துக்கொண்டு, வருடத்தில் சில நாட்கள் பெருநகரக் கூட்டத்தைத் தாங்க வேண்டிய ஊர் அது. சில நாட்களுக்காக நிரந்தர டவர் போட எந்த நிறுவனமும் முன்வராது. அலைக்கற்றை ஏலம் எடுக்கத் தேவையில்லாத வைஃபை பெட்டிகளை நான்கு வீதிகளிலும் மாட்டுவது அதோடு ஒப்பிட்டால் சிறு செலவு.

யார் செய்யலாம் என்பதற்கு ஒரு விடை கண்ணெதிரே இருக்கிறது. மத்திய அரசு 2020 டிசம்பர் 9 அன்று பிஎம்-வாணி திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. டீக்கடைக்காரரும் உரிமம் இல்லாமல் பொது வைஃபை நடத்தலாம். அப்படி நடத்துகிறவர்களையும் அவர்களைத் திரட்டும் நிறுவனங்களையும் பதிந்து வைக்கும் மையப் பதிவேட்டை நடத்துவது சி-டாட். 2025 செப்டம்பர் 27 அன்று தொடங்கிவைக்கப்பட்ட பிஎஸ்என்எல்லின் உள்நாட்டு 4ஜியில் கோர் நெட்வொர்க்கை உருவாக்கியதும் அதே சி-டாட். பொது வைஃபையின் பதிவேடும் ஒரு மொபைல் நிறுவனத்தின் கோரும் ஒரே அரசு ஆய்வு நிறுவனத்தின் கைவேலை. இரண்டையும் இணைக்க நடுவில் இருக்க வேண்டியது ஒரு ட்வேக். 1984-இல் தொடங்கி, கிராமங்களுக்கென்று டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வடிவமைத்த நிறுவனம் இதைச் செய்யத் திறமை இல்லாதது என்று யாரும் சொல்ல முடியாது. பிஎஸ்என்எல்லுக்குக் கடலூரிலும் சிதம்பரத்திலும் எக்ஸ்சேஞ்சும் ஃபைபரும் ஏற்கெனவே இருக்கின்றன. ரெயில்டெல்லும் பொதுத்துறை நிறுவனம்தான். ரயில் நிலையப் பெட்டிகளை பிஎஸ்என்எல் நம்பகமானவை என்று ஏற்க ஓர் ஒப்பந்தம் போதும். நெய்வேலியைப் போல நகரியம் முழுவதும் ஒரே பொதுத்துறை நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கும் ஊரில் இது இன்னும் எளிது.

ஆனால் எல்லா வைஃபையையும் இப்படி நம்பிவிடக் கூடாது. நம்பும் வழியில் காற்றில் போடும் பூட்டு வைஃபை பெட்டியோடு முடிந்துவிடுகிறது. பெட்டியிலிருந்து ட்வேக் வரை உள்ள தூரத்தில் பூட்டு போடுவது பெட்டிக்காரரின் பொறுப்பு. டீக்கடையில் வாங்கி மாட்டிய மலிவான ரவுட்டரைக் கோருக்குள் நேராக விட்டால், அந்த ரவுட்டரை உடைத்தவர் எல்லாருடைய தரவையும் பார்க்கலாம். டீக்கடைக்கு இபிடிஜி வழிதான் சரி. சிம்மைக் காட்டி உள்ளே நுழையட்டும். அதற்கு மேல் போன் தன் சுரங்கத்தைத் தானே கட்டிக்கொள்ளட்டும். நிறுவனமே மாட்டி, நிறுவனமே பராமரித்து, ட்வேக் வரை பூட்டிய இணைப்பு வைத்திருக்கும் வீதிப் பெட்டிகளுக்கு மட்டும் நம்பும் வழி. இந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதை முன்கூட்டியே பேசித் தீர்க்க வேண்டும்.

இன்னோர் ஓட்டையும் உண்டு. போன் முதன்முதலில் சொல்லும் பெயரில் ஐஎம்எஸ்ஐ எண் பூட்டில்லாமல் போகிறது. பியர்ஸ் ஓ’ஹன்லன், ரவிசங்கர் போர்கோன்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2016-இல் லண்டனில் நடந்த பாதுகாப்பு மாநாட்டில் இதைச் செய்து காட்டினார்கள். நிறுவனத்தின் வைஃபை பெயரைப் போலியாக ஒலிபரப்பினால், கடந்துபோகும் போன்கள் தாமாகவே தங்கள் ஐஎம்எஸ்ஐயை ஒப்புவிக்கின்றன. ரகசியச் சாவி அதனால் வெளியாவதில்லை. ஆனால் யார் எப்போது எந்த வீதியில் நடந்தார் என்று பட்டியல் எடுக்க முடியும். கோயில் வாசலில் நிற்கிறவர்களின் பட்டியல் என்பது லேசான விஷயம் அல்ல. முதல் தடவைக்குப் பிறகு தற்காலிகப் புனைபெயரைப் பயன்படுத்துவது, நிறுவனத்தின் பொதுச்சாவியைக் கொண்டு பெயரையே பூட்டி அனுப்புவது என்று இரண்டு மாற்று உண்டு. இரண்டாவதை நிறுவனம் கட்டாயமாக்காமல் இந்தத் திட்டத்தை எந்த ஊரிலும் தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

புயல் நாட்களைப் பற்றி அளவோடுதான் சொல்ல வேண்டும். வைஃபை பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும், ஃபைபர் வேண்டும். தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம் கிராம ஊராட்சிகளுக்குக் கொண்டுபோகும் ஃபைபரில் பெரும்பகுதி மின்கம்பங்களின் மேலாகப் போகிறது. தானேயைப் போல ஒன்று வந்தால் கம்பத்தோடு ஃபைபரும் விழும். அதனால் எல்லா ஊரிலும் இது புயலைத் தாங்கும் என்று சொல்ல மாட்டேன். எக்ஸ்சேஞ்ச் கட்டடம், அரசு மருத்துவமனை, ஆட்சியர் அலுவலகம், கடலோரத்தில் உள்ள புயல் பாதுகாப்பு மையங்கள் ஆகியவற்றுக்கு நிலத்தடி ஃபைபரும் பேட்டரியும் கொடுத்து, அங்கே மட்டும் ட்வேக் வழியுள்ள பெட்டிகளை வைத்தால், டவர்கள் அணைந்த ஊரில் மக்கள் நடந்து வந்து பேசிவிட்டுப் போக ஓரிடமாவது இருக்கும். வைஃபை பெட்டி இழுக்கும் மின்சாரம் டவரோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. காரில் வைக்கும் பேட்டரி ஒன்றே ஒரு பெட்டியை ஒரு நாளைக்கும் மேல் நடத்தும்.

தொடங்க வேண்டியது சிறிய சோதனையிலிருந்து. நான்கு வீதிகளின் நான்கு மூலைகளிலும் பிஎஸ்என்எல் பெட்டிகள், எக்ஸ்சேஞ்சிலிருந்து நிலத்தடி ஃபைபர், பூட்டிய பெயரோடு சிம் நுழைவு, சி-டாட் கோரில் ஒரு ட்வேக். தேரோட்டத்தன்று மூன்று விஷயங்களை அளந்தால் போதும்: சிம் சோதனை எத்தனை நொடியில் முடிந்தது, எத்தனை பேர் உள்ளே வர முயன்று முடியாமல் போனார்கள், பெட்டியின் எல்லையைக் கடந்து 4ஜிக்கு மாறிய போன்களில் ஓடிக்கொண்டிருந்த வேலை எத்தனையில் அறுந்தது. மூன்றாவது எண் பெரிதாக வந்தால் பன்னிரண்டாம் வெளியீட்டின் ஆதரவைப் போன் தயாரிப்பாளர்களிடம் கேட்க வேண்டியிருக்கும். இரண்டாவது எண் பெரிதாக வந்தால் குறை பெட்டிகளின் எண்ணிக்கையில். அதைத் திருத்த அடுத்த ஆனி வரை அவகாசம் இருக்கிறது.